ஒரு மஃபின், இரண்டு ரொட்டி சானாய்: பசியாறல் கணக்கு

6 ஜனவரி 2024, சனி காலை (கேள்வி)

பெரிய ரோட்டோரம் திறந்திருக்கும் துரித உணவுக் கடையில் பிள்ளைகள் பசியாறினால், 'குப்பையைத் தின்னுதுங்க' என்று பெரியவர்கள் எல்லாரும் திட்டுகிறீர்கள். வட்ட ரொட்டிக்குள் முட்டையும் இறைச்சியும் வைத்த முட்டை மஃபின் ஒன்றில் 300 சொச்சம் கலோரிதான். நீங்கள் சாப்பிடும் இரண்டு ரொட்டி சானாயும் (பரோட்டா மாதிரி) ஒரு தே தாரிக்கும் (டின்பால் ஊற்றி ஆற்றும் தேநீர்) 700ஐத் தாண்டும். இதில் எது குப்பை? பதில் சொல்பவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். 'அந்தக் காலத்தில்' என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.

6 ஜனவரி, இரவு (பதில்)

கணக்குதானே? என் பிழைப்பே அதுதான். செம்பனை (பாமாயில்) ஆலையில் 22 வருடமாக எடை மேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா. பழத்தோடு லோரி மேடையில் ஏறும், எழுதுவேன். கொட்டிவிட்டு வெறும் லோரியாக வரும், மறுபடி எழுதுவேன். கழித்தால் பழம். லோரிக்காரர் வாயால் சொல்லும் எடையை ஒருநாளும் புத்தகத்தில் ஏற்றியதில்லை. தம்பி சொல்லும் 300ஐயும் இப்போதைக்கு ஏற்றவில்லை. நாளை ஞாயிறு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

நானும் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம்தான். பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது, வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

7 ஜனவரி, ஞாயிறு

தம்பி சொன்னது சரி. எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

அமெரிக்காவில் 20 கிளையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவுக் கடைகள், மெனுப் பலகையிலேயே கலோரியைப் போட வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து அது சட்டம். அதனால் அந்த ஊர்க் கணக்கு சுலபமாகக் கிடைக்கிறது. மெக்டொனால்ட்ஸ் முட்டை மஃபின் ஒன்று 310 கலோரி. கொழுப்பு 13 கிராம், மாவுச்சத்து 30, புரதம் 17. நம்பாமல் கூட்டிப் பார்த்தேன். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டும் கிராமுக்கு 4. 117, 120, 68. மொத்தம் 305. எங்கள் மேடையில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தையெல்லாம் மழைத்தண்ணீர் என்று விட்டிருக்கிறோம்.

முட்டையும் நிஜ முட்டைதான். பொடியைக் கரைத்து ஊற்றுவதாக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். 1972இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கிளை நடத்திய ஹெர்ப் பீட்டர்சன் என்பவர் கண்டுபிடித்த பண்டம் இது. டெஃப்லான் பூசிய வளையத்தைத் தட்டுக்கல்லில் வைத்து, அதற்குள் முட்டையை உடைத்து ஊற்றினார். ரொட்டி வட்டம், முட்டையும் வட்டம். அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மஃபினுக்குள் இருப்பது பன்றி இறைச்சி. இங்கே எல்லாம் ஹலால், கோழிதான் வரும். அதனால் 310 என்பதைச் சுமார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஜனவரி, மறுபடியும்

எழுதி முடித்துவிட்டு மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மஃபின் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கடையிலிருந்து வெளியே வந்த ஆள் யாராவது இருக்கிறாரா? தம்பி ஒரு பக்கம் வெறும் லோரியை நிறுத்திவிட்டு, மறு பக்கம் பழத்தோடு நிற்கும் லோரியைக் காட்டுகிறார்.

9 ஜனவரி, செவ்வாய்

இன்று இரண்டாம் ஷிப்டு. காலையில் நேரில் போனேன், பேரனையும் கூட்டிக்கொண்டு.

உள்ளே நுழைந்தால் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை. மஃபினைத் தொட்டேன். செட்டாக வேண்டுமா என்றது. வேண்டாம் என்று தொட்டேன். ஹேஷ் பிரவுன் (பொரித்த உருளைக்கிழங்கு வில்லை) சேர்க்கவா என்றது. வேண்டாம். பானம் எடுத்துக்கொள்ளலாமே என்று இன்னொரு படம். மூன்றாவது தடவை எனக்கே வெட்கமாகிவிட்டது, பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். செட்டையே தொட்டுவிட்டேன். பேரனுக்குப் பேன்கேக். பில் 20 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. அதே காசில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் பசியாறலாம்.

சரி, லோரி முழுதாக மேடை ஏறட்டும். மறுபடியும் அமெரிக்கப் பட்டியல்தான். மஃபின் 310, ஹேஷ் பிரவுன் 140. பானம் இனிப்பாக எடுத்தால், ஒரு கேன் கோலா அளவுக்கு வைத்துக்கொள்வோம், 35 கிராம் சர்க்கரை, அது ஒரு 140. மொத்தம் 590. பேரன் சாப்பிட்டதுதான் வயிற்றைக் கலக்கியது. வெண்ணெயும் பாகும் சேர்த்து மூன்று பேன்கேக் 580 கலோரி, அதில் சர்க்கரை மட்டும் 45 கிராம், பதினோரு தேக்கரண்டி. பெரியவர்களுக்கே ஒருநாளைக்கு 50 கிராமுக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லதாம். இவனுக்கு ஏழு வயது. பாகைக் கடைசிச் சொட்டுவரை விரலால் வழித்து நக்கினான்.

10 ஜனவரி, புதன்

"நீங்கள் ஏன் அவனுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா ஆகிப் பாருங்கள், தெரியும்.

13 ஜனவரி, சனி

இப்போது நம் பக்கத்து லோரி.

எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில் ரொட்டி போடுபவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். சமையலறைத் தராசைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். மாவு உருண்டை ஆறு எடுத்து நிறுத்தோம், மொத்தம் 570 கிராம். அப்படியென்றால் ஒன்று 95. தண்ணீரைக் கழித்தால் அதில் கோதுமை மாவு 60 கிராம் தேறும் என்பது அவர் சொன்ன கணக்கு. மாவு கிராமுக்கு மூன்றரை கலோரி என்று பிடித்தால் 210.

அடுத்து எண்ணெய்ப் பசை. மார்ஜரின் டின்னை நிறுத்து வைத்தேன். அவர் பத்து ரொட்டி வீசி, மடித்து, சுட்டு எடுத்தார். மறுபடி டின்னை நிறுத்தேன். 110 கிராம் குறைந்திருந்தது. தலைக்கு 11 கிராம், 99 கலோரி. ஆக ஒரு ரொட்டி சானாய் 309. ரொட்டிக்கு 300 என்றுதான் பொதுவாக எல்லாரும் சொல்வார்கள், நம் தராசும் அங்கேயே வந்து நிற்கிறது. கல்லிலேயே தங்கிவிட்ட பசையை நான் கழிக்கவில்லை, அது லோரிச் சக்கரத்துச் சேறு மாதிரி.

இரண்டு ரொட்டி 618. பருப்புக் குழம்பு ஒரு கிண்ணம் 70 என்று வைக்கிறேன். தே தாரிக்குக்கு அவர் ஊற்றும் டின்பால் 40 கிராம், அதையும் நிறுத்தேன். 130 கலோரி, சர்க்கரை 22 கிராம் சொச்சம். எல்லாம் சேர்த்து 818.

தம்பி, உங்கள் 700 தப்பு. 800ஐத் தாண்டுகிறது. உங்கள் கட்சிக்கு நானே ஓட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இருபது வருடமாக என் பசியாறல் இதுதான், வாரத்தில் ஐந்து நாள்.

14 ஜனவரி, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வரவில்லை, அந்த 110 கிராமையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ஜரின் எதிலிருந்து வருகிறது? டின்பால் என்கிறோமே, டின்னைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 'கிரீமர்' என்றிருக்கும், பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில். கடைகளில் பொரிப்பதும் பெரும்பாலும் பாமாயில். நம் வீட்டில் 2 வெள்ளி 50 காசு பொட்டல எண்ணெய், அதுவும் பாமாயில். செம்பனைக் குலை 100 கிலோ ஆலைக்குள் போனால் எண்ணெய் 20 கிலோ வரும். அப்படியானால் ஒரு ரொட்டிக்கு 55 கிராம் குலை. என் மேடையில் ஏறி இறங்கியதுதான் சுற்றிக்கொண்டு என் தட்டுக்கே வந்து சேர்கிறது, நடுவில் நான்கைந்து பேர் லாபம் பார்த்த பிறகு.

இந்த வட்டாரத்தில்தான் எல்லாமே ஆரம்பித்தது. மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது 1917இல், இங்கே தென்னமராம் தோட்டத்தில், ஒரு பிரெஞ்சுக்காரர். பெயரைக் கேட்டால் தென்னைமரம், நட்டதோ செம்பனை.

பாமாயில் விஷம் என்று எழுதப் போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், அது போடும் சோற்றைத்தான் தின்கிறேன். ஆனால் அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லும் வகை. ஹேஷ் பிரவுனில் இருந்தாலும் அதுதான், ரொட்டியில் இருந்தாலும் அதுதான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கடையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். லீவு போட்டுவிட்டேன். சர்க்கரைப் பொங்கலை நிறுக்கலாம் என்று தராசைத் தேடினால் காணோம். மனைவி ஒளித்து வைத்துவிட்டாள். பச்சரிசி, வெல்லம், நெய், முந்திரி. ஒரு கிண்ணம் எத்தனை மஃபின் என்று கேட்க நினைப்பவர்கள் நாளைக்குக் கேளுங்கள்.

17 ஜனவரி, புதன்

ரவாங்கிலிருந்து எழுதும் அண்ணன் கோபமாக இருக்கிறார். "மஃபின் பக்கம் சாய்ந்துவிட்டாய், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை" என்கிறார். நியாயம்தான். கலோரியிலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

அதே முட்டை மஃபினில் சோடியம் 770 மில்லிகிராம். ஹேஷ் பிரவுனில் ஒரு 310. சேர்த்தால் 1080. ஒருநாள் முழுவதற்கும் 2000க்குள் இருக்க வேண்டும், அதாவது 5 கிராம் உப்பு, தட்டிவிட்ட ஒரு தேக்கரண்டி. எட்டு மணிக்கே பாதிக்கு மேல் போய்விட்டது, மதியச் சாப்பாட்டுக்குக் கருவாடு காத்திருக்கிறது. பேன்கேக், முட்டை, இறைச்சி, ஹேஷ் பிரவுன் எல்லாம் ஒரே தட்டில் வரும் பெரிய பசியாறல் ஒன்று அமெரிக்கப் பட்டியலில் இருக்கிறது. 1300 கலோரிக்கு மேல், சோடியம் அந்த ஒரு தட்டிலேயே 2000ஐத் தொட்டுவிடும். மரம் வெட்டப் போகிறவனுக்கு வேண்டுமானால் சரி, ஆபீசுக்குப் போகிறவனுக்கு எதற்கு?

அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரொட்டி மாவிலும் உப்பு, பருப்பிலும் உப்பு, தொட்டுக்கொள்ளும் சம்பலில் நெத்திலி. நம் கடையில் சோடியம் எழுதிய பலகை இல்லை, அவ்வளவுதான். பலகை வைத்தவனைப் பிடித்து அடிப்பது சுலபம்.

கோழிக் கஞ்சியை ஒருவர் சிபாரிசு செய்திருக்கிறார். மெக்டொனால்ட்ஸ் மலேசிய மெனுவில் அது உண்டு, புபூர் ஆயாம். கொழுப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கஞ்சிக்கு ருசி எங்கிருந்து வரும், உப்பிலிருந்துதானே.

18 ஜனவரி, வியாழன்

அந்தக் காலத்தில்.

தம்பி மன்னிக்க வேண்டும், இதை எழுதாமல் கணக்கு நிற்காது.

அம்மா தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். ஐந்தரை மணிக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன்னால் ஒரு மங்கு கோப்பி ஓ (பாலில்லாத காப்பி), சில நாள் காய்ந்த ரொட்டியை முக்கி. விடிவதற்குள் மரத்தடியில் இருந்தாக வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பத்து மணி வாக்கில்தான் தூக்கைத் திறப்பார். பழைய சோறு, இல்லாவிட்டால் முதல்நாள் சப்பாத்தி, அதோடு கருவாடோ துவையலோ. அதற்குள் சில நூறு மரம் வெட்டி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கியிருப்பார். பிறகு வாளியில் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. அந்தப் பசியாறலுக்கு 800 கலோரி இருந்திருந்தாலும் மதியத்துக்குள் கரைந்திருக்கும். இருந்ததா என்பது வேறு விஷயம். அம்மாவின் கை எலும்பைப் பார்த்தவன் நான்.

நான் அதே உரிமையோடு இரண்டு ரொட்டி கேட்கிறேன். செய்கிற வேலை? குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் தட்டுவது. லோரிதான் ஏறி இறங்குகிறது, நான் இல்லை.

'நம்ம சாப்பாடு', 'அவங்க சாப்பாடு' என்று பேசும்போது எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். ரொட்டி மாறவில்லை, தின்கிறவனுடைய காலை மாறிவிட்டது.

18 ஜனவரி, அரை மணி கழித்து

'ரொட்டி மாறவில்லை' என்று எழுதியது தப்பு. தோட்டத்தில் தினமும் யார் ரொட்டி சானாய் தின்றது? சம்பளத்தன்று பட்டணத்துக்கு வந்தால் உண்டு, அதுவும் ஆளுக்கொன்று. இப்போதுதான் அது தினச் சாப்பாடு. நாமே பழக்கிக்கொண்டதை 'நம்ம பாரம்பரியம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தோசைக்காரர்கள் எங்கே என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கடைத் தோசை ஒன்று 200 கலோரியை ஒட்டி வரும், எண்ணெயைப் பொறுத்தது. உளுந்தும் அரிசியும் புளித்த மாவு, சாம்பாரில் இரண்டு துண்டு முருங்கைக்காயாவது கிடக்கும். இட்லி இன்னும் குறைவு. எனக்கு இட்லி பிடிக்காது, அதனால் அதைப் பற்றி நியாயமாக எழுத வராது.

19 ஜனவரி, வெள்ளி

கிளினிக்கில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தனியே எழுதினார். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டை நினைவுபடுத்தினார். தட்டில் கால்வாசி மாவுச்சத்து, கால்வாசி புரதம், பாதி காய்கறியும் பழமும். 'உங்கள் இரண்டு கடையிலும் அந்தப் பாதி எங்கே?' என்று கேட்கிறார். இரண்டு நாளாகத் தேடுகிறேன். மஃபினில் ஒன்றுமில்லை. பருப்புக் குழம்பில் ஒரு துண்டு கத்தரிக்காய் கிடைத்தது. உருளைக்கிழங்கைக் காய்கறியில் சேர்க்கலாமா என்றேன். சேர்க்கக் கூடாதாம்.

2019 தேசியச் சுகாதார ஆய்வையும் அவர்தான் சொன்னார். வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்று பேருக்கு ஒருவர் என்கிற அளவு. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், ஆள் யார் என்பது தெரிந்த விஷயம்.

23 ஜனவரி, செவ்வாய்

நாளை மறுநாள் தைப்பூசம். தாமானில் பாதிப் பேர் பத்துமலைக்குக் கிளம்புகிறார்கள். விரதத்தில் இருக்கும் ஒருவர் கேட்கிறார், ஹேஷ் பிரவுன் உருளைக்கிழங்குதானே, சாப்பிடலாமா?

யோசித்துத்தான் சாப்பிட வேண்டும் ஐயா. அமெரிக்காவில் பொரித்த உருளைக்கிழங்கில் மாட்டிறைச்சிச் சாறு சேர்த்த விஷயம் வெளியே வந்து, இந்துக்களும் சைவக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் மெக்டொனால்ட்ஸ் 1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அது அந்த ஊர்க் கதை. இங்கே நம் பெரிய ரோட்டுக் கடையில் நேராகவே கேட்டேன், உருளைக்கிழங்கும் கோழியும் ஒரே எண்ணெயிலா என்று. அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவந்து, ஆமாம் அங்கிள் என்றாள். நேர்மையான பிள்ளை. விரதக்காரருக்கு அந்தப் பதில் போதும்.

கேட்கிறோமோ இல்லையோ, இன்னொரு கணக்கு கையில் வந்தது. பத்துமலை 272 படி. ஒரு படி அரை அடிக்குச் சற்று மேல், மொத்தம் 45 மீட்டர் உயரம். 70 கிலோ ஆள் ஏறினால் உடம்பு செலவழிப்பது 30 கலோரி சொச்சம்தான். உடம்பு வீணாக்கும் சூட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு ஹேஷ் பிரவுனைக் கரைக்க நாலரைத் தடவை மலை ஏற வேண்டும். என்னுடைய இரண்டு ரொட்டிக்கு இருபது தடவை. காவடியின் எடையைச் சேர்க்கவில்லை, முருகனிடம் கணக்குக் கேட்கும் தைரியம் இல்லை.

28 ஜனவரி, ஞாயிறு

ஒரு வாரமாக விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெறும் வயிற்றில் 6.4. கிளினிக்கில் 'எல்லையில் நிற்கிறீர்கள்' என்று சொல்லி இரண்டு வருடமாகிறது.

பசியாறி இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினேன். இரண்டு ரொட்டி, ஒரு தே தாரிக்: 10.9. மஃபின், ஹேஷ் பிரவுன், இனிப்புப் பானம்: 10.6. மஃபின், தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்): 8.1. ஒரு ரொட்டி, பருப்பு இரண்டு கரண்டி கூட, தே ஓ கோசோங்: 8.3.

இந்த நான்கு எண்ணையும் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடை எதுவாக இருந்தாலும் இனிப்புத் தண்ணீர் இருந்த இரண்டு நாளும் மேலே, இல்லாத இரண்டு நாளும் கீழே. நாம் மூன்று வாரமாகத் தட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். மங்கு பக்கத்திலேயே இருந்திருக்கிறது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானத்துக்கு வரி போட்டது, அப்போது லிட்டருக்கு 40 காசு. ஆலையில் தயாரித்து அடைத்து வரும் பானத்துக்குத்தான் அது. மாமாக் கடையில் இழுத்து ஆற்றும் தேநீருக்கு யார் வரி போடுவது?

31 ஜனவரி, புதன்

போன குறிப்பைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான்கு நாள், ஒரே ஆள், ஒரு குத்து. இதை ஆராய்ச்சி என்று சொன்னால் கிளினிக் அக்கா சிரிப்பார். அதோடு 8.3 வந்த நாளில் மோட்டார் பஞ்சர், கடைக்குப் போகவர நடந்தே போனேன், நாற்பது நிமிடம். 8.1 வந்த நாளில் நடக்கவில்லை. ஆக ரொட்டியைக் காப்பாற்றியது பருப்பா, தே ஓவா, பஞ்சரா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு ரொட்டி ஒன்றானதும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

தம்பி பதில் போட்டிருக்கிறார், "அப்படியென்றால் நான் ஜெயித்தேனா?" என்று. மஃபினும் தே ஓவும் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வர முடிந்தால் ஜெயித்தீர்கள். புரதமும் அதில்தான் கூட, என் இரண்டு ரொட்டியும் பருப்பும் சேர்ந்து 16 கிராம் தரும், உங்கள் மஃபின் ஒன்றே 17. பேன்கேக்கைத் தொட்டால் தோற்றீர்கள். தொடுதிரையை எதிர்த்து மூன்று தடவை 'வேண்டாம்' சொல்லும் மனது எனக்கு இல்லை, அதனால் நான் ஒரு ரொட்டிக்காரனாகவே இருந்துவிடுகிறேன். அங்கே வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

1 பிப்ரவரி, வியாழன்

ஒரு தடவை சொன்னால் போதாது. இன்று தே ஓ கோசோங் என்றுதான் சொன்னேன். பழக்கதோஷத்தில் தே தாரிக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நுரையோடு. பாதி குடித்தேன்.

4 பிப்ரவரி, ஞாயிறு

திருத்தம். ரவாங் அண்ணன் பிடித்துவிட்டார். 13ஆம் தேதிக் குறிப்பில் மார்ஜரினை முழுக் கொழுப்பாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். மார்ஜரினில் கொழுப்பு 80 விழுக்காடுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். 110 கிராமில் கொழுப்பு 88. ரொட்டிக்கு 8.8 கிராம், 79 கலோரி. ஆக ரொட்டி ஒன்று 289. இரண்டு ரொட்டி, பருப்பு, தே தாரிக் சேர்த்து 778, நான் எழுதிய 818 இல்லை. 14ஆம் தேதி 55 கிராம் குலை என்று எழுதியதை 44 என்று படியுங்கள். பத்துமலைக்கு இருபது தடவை என்றது பத்தொன்பதாகிறது.

22 வருட எடைக் கிராணி, தண்ணீரைக் கழிக்க மறந்துவிட்டேன். ஆலையில் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.